அறுந்து போகாத நூல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

"பொம்மைப் புத்தகம் படிக்கிற வயதா இது?" எங்கள் விடுதியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். என் மேல் அக்கறை உள்ளவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படக்கதையைப் புரட்டினால், பார்ப்பவர்களுக்கு மனம் பதைக்கத்தான் செய்யும். ஆனாலும் தோழர்களே, தோழியரே, மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே! அந்தப் பொம்மைப் புத்தகத்துக்காக இந்த ஆண்டு மலரில் நான் வழக்காட வந்திருக்கிறேன். முழுப் புத்தக வகைக்காகவும் அல்ல. ஒரே ஓர் இதழுக்காக மட்டும்.

அந்த இதழ், 1973 ஜூன் என்று தேதியிட்டு அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121 ஆம் இதழ். அன்றைய விலை 20 சென்ட். அதன் மறுபதிப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்தவன் என் தம்பி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். நம்மவர்கள் லயன் காமிக்ஸில் படித்து மகிழ்ந்த 'ஸ்பைடர்' வேறு ஆள். அவர் பிரிட்டிஷ் படக்கதையில் பிறந்தவர். குற்றவாளியாகத் தொடங்கிப் பிறகு நல்வழிக்குத் திரும்பியவர். நான் சொல்லும் ஸ்பைடர்மேன், ஸ்டான் லீ எழுத ஸ்டீவ் டிட்கோ வரைந்து 1962 இல் பிறந்தவன். பீட்டர் பார்க்கர் என்ற ஏழை மாணவனைக் கதிரியக்கம் பாய்ந்த சிலந்தி ஒன்று கடிக்கிறது. அவனுக்குச் சிலந்தியின் ஆற்றல் வந்துவிடுகிறது. ஆனால், கையிலிருந்து பாயும் அந்த நூல் மட்டும் சிலந்தி கொடுத்த வரம் அல்ல. அந்தத் திரவத்தையும் அதைப் பீய்ச்சும் கருவியையும் பள்ளி மாணவனான அவனே உருவாக்கினான். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கதை இதுதான்

பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி. அவளும் கல்லூரியில் அறிவியல் படிப்பவள். 1965 இல் தொடருக்குள் வந்த அவள், எட்டு ஆண்டுகளாக வாசகர்களுக்கு வீட்டுப் பெண் போல ஆகிவிட்டாள். பகைவன் நார்மன் ஆஸ்பார்ன். பச்சை முகமூடி அணிந்து, பறக்கும் ஊர்தியில் வரும் கிரீன் காப்ளின். அவன் வேறு யாருமல்லன், பீட்டரின் நண்பனுடைய தந்தை. மகன் போதைப் பழக்கத்தால் படுக்கையில் கிடக்கிறான். தந்தைக்குப் பித்துத் தலைக்கேறுகிறது. க்வென்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் கோபுர உச்சியில் கிடத்துகிறான். பீட்டருக்கோ அன்றைக்குக் காய்ச்சல். இருந்தும் ஓடி வருகிறான். மோதல் நடக்கிறது. காப்ளின் அவளைக் கோபுரத்திலிருந்து கீழே தள்ளிவிடுகிறான்.

இதுவரை ஆயிரம் கதைகளில் பார்த்ததுதான். அடுத்து என்ன ஆகும் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். நாயகன் நூலை வீசுவான், நூல் அவளைப் பற்றும், அவள் பிழைப்பாள். நூலை வீசுகிறான். நூல் அவள் காலைச் சரியாகப் பற்றுகிறது. அவன் தன் ஆற்றலைத் தானே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான். கையில் ஏந்திப் பார்த்தால், அவள் உயிரோடு இல்லை.

அவள் நின்ற கட்டத்தில், கழுத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரே ஒரு ஒலிச்சொல் இருக்கிறது. எலும்பு முறியும் ஒலி. முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவே இல்லை. கதையின் தலைப்பைக் கூட, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, கடைசிப் பக்கத்தில்தான் அச்சிட்டார்கள்: க்வென் ஸ்டேசி இறந்த இரவு.

இதை எழுதியவர் ஜெர்ரி கான்வே. கில் கேன் வரைய, ஜான் ரொமீட்டாவும் டோனி மார்ட்டெல்லாரோவும் மை தீட்டினார்கள். எழுதும்போது கான்வேக்கு வயது 20. என் வயது! இருபது வயதில் ஓர் இளைஞர், தன் நாட்டு வாசகர்கள் எல்லோரும் எதிர்பார்த்த முடிவை மறுத்துவிட்டு உண்மையை எழுதத் துணிந்தார். அமெரிக்கப் படக்கதை வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இதழை ஒரு காலத்தின் முடிவு என்றே குறிக்கிறார்கள். அதற்கு முன் நாயகன் தோற்பதுண்டு. ஆனால், அவன் காப்பாற்ற நீட்டிய கையே கொன்றதாக எழுதுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு

படித்து முடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூல் அறவில்லை. குறி தவறவில்லை. காலமும் தாழவில்லை. பிறகு ஏன் இறந்தாள்?

விடை நம் முதலாண்டுப் பாடத்தில் இருக்கிறது. கணத்தாக்கு என்ற தலைப்பில், ஐந்து மதிப்பெண் வினாவுக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பகுதி. உந்த மாற்றம் ஒன்றேயானாலும் அது நிகழும் நேரம் குறையக் குறைய விசை கூடும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பதை எடுத்துக்காட்டாக எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும் விட்டோம்.

மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் காகாலியோஸ், சூப்பர் ஹீரோக்களின் இயற்பியலைப் பற்றி 2005 இல் ஒரு நூலே எழுதினார். அதில் க்வென்னின் வீழ்ச்சியை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 300 அடி விழுந்து அரை விநாடியில் நின்றதாக வைத்துக் கணக்கிடுகிறார். நாமும் நம் அலகில் செய்து பார்ப்போம். உயரம் 90 மீட்டர். நிறை 50 கிலோகிராம். காற்றின் தடையை விட்டுவிட்டால், 90 மீட்டர் விழுந்தவளின் வேகம் விநாடிக்கு 42 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகம் அரை விநாடியில் சுழியாக வேண்டும். எடையையும் சேர்த்தால், நூல் அவளை இழுத்த சராசரி விசை 4690 நியூட்டன். அவள் எடையே 490 நியூட்டன்தான். ஆக, ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு. அதுவும் எங்கே? பற்றியது காலை, தலையோ கட்டற்றுக் கிடந்தது. உடல் நின்றது, தலை நிற்கவில்லை. இடையில் இருந்தது கழுத்து.

இந்தக் கணக்கை இன்னும் எளிமையாக்கலாம். விழுந்த உயரத்தை, நிறுத்த எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். விடை எத்தனையோ அத்தனை மடங்கு உடல் எடை கயிற்றின் வழியாக உடலைத் தாக்குகிறது. ஆற்றல் அழிவின்மை விதியிலிருந்து இரண்டே வரியில் வருவிக்கலாம். வேகம் வேண்டாம், நேரம் வேண்டாம், நிறைகூட வேண்டாம். இரண்டு நீளங்கள் போதும்.

"வழியே இல்லை" என்றார்கள்

இதழைப் படித்தவர்கள் கொதித்துப் போய்க் கடிதம் எழுதினார்கள். 125 ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர் ராய் தாமஸ் விடை அளித்தார். திடீரென்று நிறுத்தப்பட்டபோது ஏற்பட்ட வெட்டிழுப்பால்தான் அவள் இறந்தாள். சும்மா இருந்திருந்தாலும் இறந்திருப்பாள். தப்ப வழியே இருக்கவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது.

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காரணத்தை மூடி மறைக்காமல் சொன்ன அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால், வழியே இல்லை என்ற இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலே சொன்ன சூத்திரத்தைப் பாருங்கள். விழுந்த உயரமும் நிறுத்தும் தூரமும் சமமானால் விடை இரண்டு. உடல் எடையைப் போல் இரு மடங்கு. அதைத் தாங்காத கழுத்து இல்லை. ஆகவே கேள்வி, நிறுத்துவதற்கு இடம் இருந்ததா என்பதுதான். இங்கே ஒரு வேடிக்கை. கதையின் எழுத்து அதை ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது. படத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலத்தின் சாயல். முன்னதன் கோபுரம் நீர்மட்டத்திலிருந்து 184 மீட்டர். பின்னது 84 மீட்டர். எழுத்தை நம்பினால், 90 மீட்டர் விழுந்த பின்னும் நிறுத்துவதற்கு இன்னொரு 90 மீட்டர் இருக்கிறது. படத்தை நம்பினால் 90 மீட்டர் விழவே இடமில்லை. ஆனாலும் 40 மீட்டரில் பற்றி, அடுத்த 40 மீட்டரில் மெல்ல மெல்ல நிறுத்தியிருக்கலாம். 40 மீட்டர் விழ எடுக்கும் நேரம் மூன்று விநாடிக்கும் குறைவு. கடினம்தான். இயலாததல்ல.

இயலாமல் போனதற்குக் காரணம் நூல். அறாத நூலைச் செய்யத் தெரிந்த பீட்டருக்கு, நீண்டு கொடுக்கும் நூலைச் செய்யத் தோன்றவில்லை. உண்மைச் சிலந்திக்கு இது தெரியும். வலையின் சட்டத்துக்கு அது நூற்கும் இழை மிக உறுதியானது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நீளும். பறந்து வரும் பூச்சியைப் பிடிக்கும் சுருள் இழையோ தன் நீளத்தைப் போல் இன்னும் இரு மடங்குக்கு மேல் நீண்டு கொடுக்கும். அப்படி நீளாவிட்டால் பூச்சி வலையைக் கிழித்துக்கொண்டோ எகிறி விழுந்தோ போய்விடும். வலிமை ஒரு பண்பு. நெகிழ்வு இன்னொரு பண்பு. ஒன்றை மட்டும் கொண்டு காப்பாற்றப் போனவன், காப்பாற்றப் போன உயிரையே இழந்தான்.

என் வீட்டுக் கணக்கு

இதைப் படித்துவிட்டு ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

என் அப்பா பெயிண்டர். மாடிக் கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் வண்ணம் அடிப்பவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், நான்காவது மாடி உயரத்தில் சாரத்துப் பலகை நழுவியது. இடுப்பில் கட்டியிருந்த கயிறு அவரைப் பிடித்து நிறுத்தியது. தரையில் விழவில்லை. ஆனால், இரண்டு விலா எலும்பு முறிந்தது. இடுப்பெலும்பில் விரிசல் கண்டது. மூன்று மாதம் படுக்கை. அம்மாவின் தையல் இயந்திரம் இரவும் பகலும் ஓடிய மூன்று மாதம். இன்றைக்கும் அப்பா ஏணிக்கு மேல் ஏறுவதில்லை. கதவு, சன்னல், கீழ்ச்சுவர் வேலைதான். கூலியும் அதற்கேற்பத்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கயிறு தெய்வம். அப்பா எப்போதும் சொல்வார்: "கயிறு நல்ல கயிறு பாப்பா. அது மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் இல்லை."

அந்த இரவு க்வென்னுக்குக் கணக்குப் போட்ட காகிதத்தின் மறுபக்கத்தில் அப்பாவுக்கும் போட்டுப் பார்த்தேன். கயிற்றில் இருந்த தொய்வு, அவர் சொன்ன அளவில், ஏறக்குறைய 2 மீட்டர். அது இறுகி நிற்கையில் கால் மீட்டர் நீண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டை நான்கில் ஒன்றால் வகுத்தால் எட்டு. ஒன்றைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பது மடங்கு! பாலத்தின் உச்சியிலிருந்து 90 மீட்டர் விழுந்த கதைப் பெண்ணும், சாரத்திலிருந்து 2 மீட்டர் விழுந்த என் அப்பாவும் ஏறக்குறைய ஒரே அடியைத்தான் வாங்கியிருக்கிறார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தோம் என்பதல்ல; எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்பதே கணக்கு.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "கயிறு நல்ல கயிறுதான்பா. அது நிறுத்தின விதந்தான் சரியில்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கீழேருந்து செங்கல்லைத் தூக்கிப் போட்டா, மேல இருக்கிறவன் கையை அது போற போக்குல விட்டுத்தானே புடிப்பான்? வெறைச்சுப் புடிச்சா கை போயிடும். அதைத்தான் சொல்றியா?"

அதைத்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் அப்பாவுக்குக் கணத்தாக்கு தெரியும். கையால் தெரியும். கயிற்றுக்கும் அது பொருந்தும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; அவ்வளவுதான். வேலைக்கு அனுப்பிய மேஸ்திரியும் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால், அறிந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். இடுப்பு வாரை மட்டும் கட்டிக்கொண்டு வீழ்ச்சியைத் தடுக்கும் முறையை அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 1998 ஜனவரி 1 முதல் விலக்கிவிட்டது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் தழுவும் வார்க்கட்டுத்தான் வேண்டும். 6 அடிக்கு மேல் தடையின்றி விழ விடக்கூடாது. உடலில் விழும் விசை 1800 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த வார்க்கட்டோடு இணைக்கும் பட்டையில் மடித்துத் தைத்த பகுதி ஒன்று உண்டு. ஆள் விழும்போது அந்தத் தையல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து நீளும். கிழிவதற்காகவே தைத்த தையல்! அது ஒரு மீட்டர் நீண்டால், என் அப்பாவின் ஒன்பது மூன்றாகியிருக்கும். விலா எலும்பு முறியாமலே இருந்திருக்கும்.

ஒரு குறையும் உண்டு

இந்த இதழை வானளாவப் புகழ நான் வரவில்லை. ஒரு பெண்ணாக எனக்கு அதில் ஆறாத மனக்குறை ஒன்று இருக்கிறது. பாலத்துக் காட்சி முழுவதும் க்வென் மயங்கிக் கிடக்கிறாள். ஒரு சொல் பேசவில்லை. அவளும் அறிவியல் மாணவி. அவளுக்கும் ஒரு படிப்பு, ஒரு வருங்காலம் இருந்தது. அவள் மரணம் பீட்டரின் துயரமாகவும் காப்ளினின் வெற்றியாகவும்தான் சொல்லப்படுகிறதே ஒழிய, அவளுடைய இழப்பாகச் சொல்லப்படவில்லை. நாயகனை அழ வைப்பதற்காகப் பெண்ணைப் பலி கொடுக்கும் இவ்வழக்கத்தை, 1999 இல் கெயில் சிமோன் என்ற பெண் எழுத்தாளர் பட்டியல் போட்டுக் காட்டி அமெரிக்கப் படக்கதை உலகையே கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. விழுபவருக்கும் வாய் உண்டு. காப்பாற்றும் கயிறு எப்படி இருக்க வேண்டும் என்று, அதில் தொங்கப் போகிறவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அடுத்த இதழில் காப்ளின் தன் ஊர்தியாலேயே குத்துண்டு சாகிறான். வாசகர்கள் சிலருக்கு அதில் மனநிறைவு கிடைத்திருக்கலாம். எனக்குக் கிடைக்கவில்லை. கொடியவன் செத்ததால் நூல் நீண்டுவிடவில்லையே!

முடிவாக

நல்ல மனம் இருந்தால் போதும், எல்லாம் நன்மையாகவே முடியும் என்று நமக்குச் சொல்லி வளர்த்த கதைகள் ஏராளம். 121 ஆம் இதழ் அதை மறுக்கிறது. பீட்டருக்கு மனம் இருந்தது, அன்பு இருந்தது, ஆற்றல் இருந்தது, துணிவும் இருந்தது. ஒரு சின்ன அறிவு குறைந்தது. அந்த அறிவு நம் முதலாண்டுப் பாடப் புத்தகத்தில், நாம் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்து தேர்வறையில் கொட்டிவிட்டு வந்த பக்கத்தில் இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். கணத்தாக்கு நடத்தும் நாளில் கிரிக்கெட் பந்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கயிற்றைக் கொண்டு வாருங்கள். ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, தொய்வுள்ள கயிற்றையும் நீளும் பட்டையையும் வைத்து அளந்து காட்டுங்கள். நம் கல்லூரியில் படிப்பவர்களில் எத்தனை பேருடைய தந்தையர் இந்நேரம் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறார்கள்!

என்னைப் போல் வீட்டுக்கு முதல் பட்டதாரியாகப் போகும் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். நாம் படித்ததை வீட்டுக்குக் கொண்டு போவோம். "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட வேண்டாம். செங்கல் பிடிக்கும் கைகளுக்கு நன்றாகவே புரியும். 

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் உயரமான கட்டட வேலை ஒன்றுக்கு எங்கள் சித்தப்பாவை அழைத்திருக்கிறார்களாம். கிளம்பும் முன் அவரை உட்கார வைத்து, இடுப்புக் கயிறு மட்டும் என்றால் ஏறாதே, முழு வார்க்கட்டு கேள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் என்று சித்தப்பா கேட்டதற்குச் செங்கல் கதையைச் சொன்னாராம்.

பொம்மைப் புத்தகம் படிக்கிற வயதுதான் இது.